கீரைக்கும் கணக்கு எழுத வேண்டுமோ?

நம் இல்லங்களில் பால் கணக்கு, பலசரக்குக் கணக்கு, சீட்டுக் கணக்கு எனப் பல கணக்குகள் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்தன. இன்று அவற்றோடு வயிற்றுக் கணக்கு ஒன்றும் சேர்ந்துள்ளது. காலையில் உண்ட இட்லி எத்தனை, நண்பகலில் உண்ட சோறு எத்தனை கரண்டி, மாலையில் கொறித்த முறுக்கு எத்தனை என்று கைப்பேசியிலோ குறிப்பேட்டிலோ பதிந்து, அவற்றின் கலோரியைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் பங்கு மக்கள் பலரிடம் பரவி வருகின்றது. இதனை நகைப்பதற்கில்லை. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயாளர். அந்நோய் எட்டிப் பாராத தெரு திண்டுக்கல் நகரில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இக்கணக்கை எழுதுவோரிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. காய்களையும் கனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதே அது. "காய்கறிதானே, எவ்வளவு உண்டாலும் கேடில்லை" என்பார் ஒரு சாரார். "உண்டது உண்டதுதான், வெள்ளரிப் பிஞ்சையும் விடக்கூடாது" என்பார் மறு சாரார். முதற்சாரார் சொற்கேட்டு மாம்பழக் காலத்தில் சர்க்கரையை ஏற்றிக்கொண்டவர்களையும் நாம் அறிவோம். மறு சாரார் சொற்கேட்டு, கணக்கு மிகுந்துவிடும் என்ற அச்சத்தால் இரவுப் பழத்தையும் தக்காளியையும் தள்ளி வைத்த கல்லூரி மாணவியரையும் அறிவோம். இரண்டும் வருந்தத்தக்கவையே.

கலோரி என்பது உணவு உடலுக்குத் தரும் வெப்ப ஆற்றலின் அளவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞர் உணவுப் பொருள்களை எரித்தும், மனிதர் உண்டு கழிப்பதை அளந்தும் ஒரு கணக்கு வகுத்தார். மாவுச்சத்துக்கும் புரதத்திற்கும் கிராம் ஒன்றுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்பது அவர் வழிவந்த கணக்கே. தண்ணீருக்குக் கலோரி இல்லை. காய்கறிகளில் பெரும்பகுதி தண்ணீராதலின் அவற்றின் மதிப்பு குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

நம் நாட்டு உணவுகளின் மதிப்பை அறியும் பணி நமது தமிழ் மண்ணிலேயே தொடங்கியது என்பதைப் பலர் அறியார். 1918-இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரி-பெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அவர் எலிகளுக்கு ஊட்டி வளர்ச்சியை அளந்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்று உண்ணும் சீக்கியரின் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் காய்கறியையும் பாலையும் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாணத்தார் உணவை உண்ட எலிகளே கடைநிலையில் நின்றன. நம்மவர்க்கு இது சற்றுக் கசப்பான செய்தியே! வயிறு நிரம்பியிருந்தும் உடல் தேறவில்லை. நிரப்பியது சோறாக மட்டும் இருந்ததே காரணம்.

அங்கேயே இயக்குநராக வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை 1937-இல் நூலாக்கினார். அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்திற்குச் சென்று, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் அதனை நடத்திய காலத்தில் அப்பட்டியல் விரிவாகத் திருத்தப்பட்டது. 2017-இல் வெளியான புதிய பட்டியலில் 528 உணவுகள் இடம்பெற்றுள்ளன. ஒன்றை இங்குக் கருத வேண்டும். பட்டியல் பிறந்தது பசித்த வயிற்றை எவ்வாறு நிரப்புவது என்று காண்பதற்காக. நிரம்பிய வயிற்றைக் குறைப்பதற்கு இன்று அதே பட்டியலைக் கையில் எடுத்துள்ளோம்.

சரி, பட்டியல் என்ன சொல்கிறது? நூறு கிராம் சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி, வெண்பூசணி ஆகியவற்றில் ஏறத்தாழ 10 முதல் 20 கலோரியே உண்டு. தக்காளியில் 20, கத்தரி, முட்டைக்கோஸ், பீன்ஸ், முருங்கைக்காய் ஆகியவற்றில் 25 அளவில் உண்டு. கீரைகள் வகைக்கு வகை மாறுபடினும், ஒருவர் உண்ணும் அளவில் அவற்றால் எடை ஏறியதாக எவரும் கண்டதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வந்து குவியும் காய்களில் பெரும்பாலானவை இவ்வினத்தவை. இவற்றை நிறுத்து எழுதுவது, வேள்வியில் எரியும் விறகை விட்டுவிட்டுக் கற்பூரத்தை எண்ணுவது போலாகும்.

எரியும் விறகு எது? வாணலியில் ஊற்றிய எண்ணெய். கால் கிலோ முட்டைக்கோஸில் 60 கலோரிதான். தாளிக்க ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் 240. மேலே தூவும் ஒரு பிடி தேங்காய்த் துருவலில் ஏறத்தாழ 100. ஆக 400 கலோரி கொண்ட பொரியலில் காயின் பங்கு 60 மட்டுமே. "இன்று வெறும் பொரியல்தான் சாமி" என்று சொல்வோர் பொரியலில் வெறுமையாக இருப்பது காய் மட்டுமே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் இல்லங்களில் நடப்பதைச் சொல்லவும் வேண்டுமோ? விலக்கிய இறைச்சியின் இடத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் பாயசமும் வந்து அமர்கின்றன. ஒறுத்தலுக்கு வந்த நாள், எண்ணெய்ச் சட்டிக்குத் திருவிழாவாகிவிடுகிறது.

கிழங்குகளைத் தனியே பிரித்துவிட வேண்டும். உருளை, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி ஆகியவை காய்க்கடையில் விற்கப்படினும் கணக்கில் சோற்றின் உறவினர். நூறு கிராம் மரவள்ளியில் 150 கலோரி அளவில் உண்டு; அது வெந்த சோற்றினும் மிகுதி. உலக சுகாதார நிறுவனம் நாள்தோறும் 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் எனும்போது, இக்கிழங்குகளை அவ்வளவில் சேர்ப்பதில்லை. ஆகவே, சோற்றோடு உருளைக்கிழங்குப் பொரியலை உண்பவர் சோற்றோடு சோறு உண்பவரே. கிழங்கை உண்ணக்கூடாதென்பதில்லை, உண்ணும் நாளில் ஒரு கரண்டிச் சோறு குறைய வேண்டும்.

கனிகளின் நிலை வேறு. இங்கே "எவ்வளவு உண்டாலும் கேடில்லை" என்னும் வாதம் நில்லாது. பப்பாளியில் நூறு கிராமுக்கு 30 முதல் 40 கலோரி, கொய்யாவிலும் ஆரஞ்சிலும் 50 அளவில், மாம்பழத்தில் 70, பலாவில் 90, சப்போட்டாவில் 100, வாழைப்பழத்தில் 100-க்குச் சற்று மேல். சிறுமலை வாழைப்பழம் ஒன்று உருவில் சிறியது. இரண்டு உண்டால் கவலையில்லை. நத்தம் பகுதி மாம்பழங்கள் வந்து குவியும் காலத்தில், உண்டி முடிந்தபின் ஆளுக்கு மூன்று பழம் உண்பது நம் மக்களின் இயல்பு. அம்மூன்று பழங்களும் ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடானவை. கொடைக்கானல் கீழ்மலையில் விளையும் பட்டர்ஃப்ரூட் என்னும் வெண்ணெய்ப் பழமோ பெயருக்கேற்பக் கொழுப்பு நிறைந்தது. நூறு கிராமில் 160 கலோரி அளவில் உண்டு. அக்கொழுப்பு நல்ல வகையைச் சேர்ந்ததேயாயினும் கணக்கில் அது கொழுப்பே. கனியைப் பிழிந்து, வடிகட்டி, நான்கு கரண்டிச் சர்க்கரையிட்டுக் கடையில் தரும் சாற்றைக் கனி என்ற பெயரால் அழைப்பது கனிக்கு இழைக்கும் அநீதி. நார் போயிற்று, சர்க்கரை வந்தது. இனி அங்கே பழத்தின் மணம் அன்றி எஞ்சியது சிறிதே.

இவ்வழக்கு நம்மூரில் மட்டும் நடப்பதன்று. 1963-இல் நியூயார்க்கில் தோன்றிய வெயிட் வாட்சர்ஸ் என்னும் எடைக்குறைப்பு அமைப்பு, உணவு ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் வகுத்து உறுப்பினர்களை எண்ணச் செய்தது. பழத்துக்கும் புள்ளி இருந்தது. பழத்துக்கும் பிஸ்கட்டுக்கும் ஏறத்தாழ ஒரே புள்ளியாயின் மனிதர் எதனை எடுப்பார்? பிஸ்கட்டைத்தான். 2010-இல் அவ்வமைப்பு தன் முறையை மாற்றி, பெரும்பாலான பழங்களுக்கும் காய்களுக்கும் புள்ளி இல்லையென அறிவித்தது. பழத்தில் ஆற்றல் இல்லை என்பதன்று அதன் பொருள். எண்ணினால் மக்கள் பழத்தை விட்டுவிடுகின்றனர் என்பதே. மனித இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு அது. ஆயினும், சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இவ்வேற்பாடு பொருந்தாது. அவர்கள் கனியின் மாவுச்சத்தைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். முழுப் பழமாக, சிறிதளவாக, சோறு உண்ட கையோடன்றி வேறு வேளையில் உண்பது தக்கது. சிறுநீரக நோயுற்றோருக்கோ கலோரியன்று, பொட்டாசியமே பகை. வாழைப்பழம், இளநீர், கீரை ஆகியவற்றை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் அவர்கள் தொடலாகாது. வளரும் பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும், மருத்துவர் கூறினாலன்றி, இக்குறைப்புக் கணக்கின் பக்கமே செல்ல வேண்டியதில்லை.

ஆன்ம காரியங்களில் பழகியவர்களுக்குத் தெரிந்த ஒரு நோய் உண்டு. பாவமல்லாததைப் பாவமென்று அஞ்சி, செபமாலையில் சிதறிய நினைவுகளையெல்லாம் எண்ணி எண்ணிப் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புவிப்பவர் இருக்கின்றனர். அதே வேளையில், வேலையாளுக்குத் தர வேண்டிய கூலி நிலுவையில் நிற்பது அவர் நினைவுக்கு வாராது. புதினாவிலும் சோம்பிலும் சீரகத்திலும் பத்திலொரு பங்கைத் தவறாமல் எண்ணிச் செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்ட பரிசேயரை நம் ஆண்டவர் கண்டித்ததை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். புதினாவை எண்ணியது குற்றமென்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெரியதை விட்டதே குற்றம். கைப்பேசியில் கொத்தமல்லித் தழையைப் பதிந்துவிட்டு, தேநீரில் நாளுக்கு ஐந்து முறை சேரும் சர்க்கரையைப் பதிய மறப்பவர்களைக் காணும்போது அவ்வதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது.

ஆகவே, காய்கனிகளைக் கணக்கில் எழுதலாம் என்றே நாமும் கூறுவோம். ஆனால் செலவுப் பக்கத்தில் அன்று, செலுத்த வேண்டிய கடன் பக்கத்தில். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாள்தோறும் காய்கறி 400 கிராம், கனி 100 கிராம் என்று வகுத்துள்ளது. இவ்வைந்நூறு கிராமும் சேர்ந்து, எண்ணெய் நீங்கலாக, 150 முதல் 220 கலோரிக்குள் அடங்கிவிடும். அதே வழிகாட்டுதலில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் உரிய அளவு 27 கிராம். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது மாதம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் ஆகும். கைப்பேசி இல்லாத இல்லத்தாரும் எண்ணெய் டின் வாங்கிய தேதியை அடுக்களைச் சுவரில் குறித்து வைத்தால் போதும்.

அதே நால்வருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய காய்கறி ஒன்றரை கிலோவுக்கும் மேல். உழவர் சந்தைப் பையை நிறுத்துப் பார்த்தால் எத்தனை இல்லங்களில் அவ்வளவு வருகிறது? ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குச் சுமையுந்துகள் நிறைந்து செல்கின்றன. விலை வீழ்ந்த நாள்களில் தக்காளி சாலையோரத்தில் கொட்டிக் கிடக்கிறது. அச்சாலை வழியாக வீடு திரும்பும் கூலித் தொழிலாளியின் குழம்பிலோ இரண்டு தக்காளி. முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவில் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் காணிக்கையாக வந்து, எல்லாருக்கும் ஒன்றாகச் சமைத்துப் பரிமாறப்படுவதை நம் மறைமாவட்டத்தார் அறிவர். அன்று எவர் தட்டில் எவ்வளவு என்று எவரும் பார்ப்பதில்லை. மற்ற நாள்களில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏனெனில் நம் குடும்பங்களில் பொரியல் தீர்ந்தபின் உண்பவர் ஒருவர் உண்டு. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதைச் சோற்றில் பிசைந்து உண்ணும் தாயின் கணக்கை எந்தக் கைப்பேசியும் எழுதுவதில்லை. எழுதினால் கலோரி குறைவாகவே காட்டாது. சோறுதான் நிறைய இருக்கிறதே! ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர் எனத் தெரிய வந்தது. குன்னூர் எலிகளின் செய்தி இன்னும் பழையதாகவில்லை. கீரையில் இரும்புச்சத்து உண்டு. அது உடலில் சேர்வதற்கு வைட்டமின் சி துணை செய்யும். ஆயக்குடிக் கொய்யாவில் அது நிறைய உண்டு. ஆகவே, பரிமாறத் தொடங்கும் முன்னரே ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியலை அடுக்களையில் மூடி வைத்துவிடுமாறும், அதனருகே ஒரு கொய்யாவை வைக்குமாறும், அதை அன்னையர் உண்டு முடிக்கும்வரை பிள்ளைகள் உடன் அமர்ந்திருக்குமாறும் நம் அன்பியக் கூட்டங்களில் சொல்லி வருகிறோம்.