ஓய்ந்து நிற்கும் செல்கள் சொல்லும் சேதி

கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் நெறி கட்டுகிறது. சில வாரங்களில் பெருத்துவிடுகிறது. பயாப்ஸி செய்தால், ‘பரவலான பெரிய பி செல் லிம்போமா’ என்று முடிவு வருகிறது. வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்களில் அதிகம் பேருக்கு வருவது இதுதான். ரிட்டுக்சிமாபும் கீமோதெரபியும் சேர்ந்த ‘ஆர்-சாப்’ சிகிச்சையில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் குணமாகிறார்கள். மற்றவர்களுக்கு மருந்து கேட்பதில்லை, அல்லது நோய் திரும்பிவிடுகிறது. அவர்கள் யார் என்று முதலிலேயே கணிக்க முடியுமா?

1993 முதல் ‘ஐபிஐ’ என்ற மதிப்பெண் கைகொடுக்கிறது. வயது, நோயின் நிலை, ரத்தத்தில் எல்டிஹெச் நொதியின் அளவு, நோயாளியின் நடமாட்டம், நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே நோய் பரவிய இடங்கள் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு. ஆனால் ஒரே மதிப்பெண் உள்ள இருவரில் ஒருவர் குணமாகி, மற்றவருக்கு நோய் திரும்புவது ஏன் என்பதை அது சொல்லாது.

அதற்கான விடையில் ஒரு பகுதி ‘செல் முதுமை’யில் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961இல் லெனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினார்கள். நின்ற செல் சாவதில்லை, பிரிவதுமில்லை. இதுதான் செல் முதுமை. டிஎன்ஏ சேதமடைந்தாலும், கீமோ மருந்து பட்டாலும் செல் இந்த நிலைக்குப் போகலாம். அதை அங்கே நிறுத்திவைக்கும் முக்கியப் புரதங்கள் பி53, பி16.

2002இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் கிளெமென்ஸ் ஷ்மிட், ஸ்காட் லோ குழுவினர் லிம்போமா உள்ள எலிகளுக்கு சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தார்கள். ‘ஆர்-சாப்’பிலும் இருக்கும் மருந்து அது. செல் தானாகச் சாகும் வழியை அடைத்துவிட்ட கட்டிகளில்கூட வளர்ச்சி நின்றது. செல்கள் முதுமை நிலைக்குப் போயிருந்தன. பி53 அல்லது பி16 பழுதான கட்டிகளில் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. நின்ற கட்டிகள் மீண்டும் வளர்ந்தபோது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று கெட்டிருந்தது.

நோயாளிகளிடமும் இதே சாயல் தெரிகிறது. பி16ஐ உருவாக்கும் சிடிகேஎன்2ஏ மரபணு அழிந்தவர்களுக்கும், பி53ஐ உருவாக்கும் டிபி53 மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்கும் சிகிச்சைப் பலன் குறைவாகவே இருக்கிறது.

ஆனால் முதுமை எப்போதும் நன்மை செய்வதில்லை. ஓய்ந்த செல்கள் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. அந்த நிலையிலிருந்து தப்பி மறுபடி பிரியத் தொடங்கும் லிம்போமா செல்கள் ஸ்டெம் செல் குணம் பெற்று, முன்னைவிட மூர்க்கமாகின்றன என்று பெர்லினில் ஷ்மிட் குழுவே 2018இல் காட்டியது.

இதனால்தான் ஒரு மரபணுவை மட்டும் பார்க்காமல், முதுமை சார்ந்த பல மரபணுக்களின் செயல்பாட்டைச் சேர்த்து மதிப்பெண் போடப் பல ஆய்வுக் குழுக்கள் முயல்கின்றன. இந்த மதிப்பெண்களில் பெரும்பாலானவை பழைய நோயாளிகளின் தரவுகளில் கணக்கிடப்பட்டவை. புதிய நோயாளிகளிடமும், வெவ்வேறு நாட்டு மக்களிடமும் அவை தேறியாக வேண்டும். அதுவரை இவற்றை வைத்து யாருடைய சிகிச்சையையும் மாற்றக் கூடாது. இத்தகைய ஆராய்ச்சிக்குப் பயாப்ஸித் திசுவைத் தர மருத்துவமனை ஒப்புதல் கேட்டால், விவரம் கேட்டுத் தெளிந்து, சம்மதமானால் கையெழுத்திடுங்கள்.