காசோலையோடு முடிவதல்ல நிறுவன உதவி

பெரிய நிறுவனங்களின் சமூக உதவி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மாதிரிக் காசோலையும் நிழற்படமும்தான். அந்த உதவி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், எஸ்.பி.எம். தேர்வில் சிறக்காத ஒரு செராஸ் இளைஞனுக்கு அதைவிடப் பெரிய உதவி, தொழில் கற்க ஓர் இடம். வீட்டில் பலகாரம் செய்து விற்கும் அவன் தாயாருக்கோ, மாதந்தோறும் தவறாமல் வாங்கும் ஒரு வாடிக்கையாளர்.

நிறுவனங்கள் தொழில் கற்பிக்கத் தயங்குவது ஏன்? ஒருவர் செலவு செய்து பழக்கிய ஊழியரை அடுத்த நிறுவனம் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும் என்ற அச்சமே காரணம். பினாங்கில் இதற்கு வழி கண்டார்கள். 1989இல் மின்னணுத் தொழிற்சாலைகளும் மாநில அரசும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தன. சந்தையில் போட்டி போடும் நிறுவனங்களே பயிற்சிக்கு ஒரே கூரையின் கீழ் வந்தன.

இதே எண்ணம் சட்டமாகவும் வந்தது. 1992ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி முதலாளிகள் பயிற்சி நிதிக்குப் பணம் செலுத்தத் தொடங்கினார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2001ஆம் ஆண்டுச் சட்டம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் சம்பளத் தொகையில் 1 விழுக்காடு செலுத்த வேண்டும். 2021 மார்ச் முதல் இன்னும் பல துறைகள் இதில் சேர்க்கப்பட்டன. ஊழியர் சம்பளத்திலிருந்து இதைப் பிடிக்கக் கூடாது. செலுத்திய பணத்தை ஊழியர் பயிற்சிக்குத் திரும்பக் கோரலாம். ஆகவே, "பயிற்சிக்குப் பணம் இல்லை" என்ற பதில் எப்போதும் சரியல்ல.

பள்ளியை விட்டு வருபவனுக்கு இன்னொரு கதவும் உண்டு. ஜெர்மனியின் முறையைப் பின்பற்றி 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில், 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில் கழிகிறது; மீதி நேரம் வகுப்பறையில். முடிவில் கிடைப்பது எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ். அதன் மூன்றாம் நிலையைத் தாண்டினால் டிப்ளோமாவுக்கும் போகலாம்.

"பட்டறை வேலையா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு கார் பழுது பார்த்தும் கையில் ஒரு தாள் இல்லாதவர், வேறு இடத்தில் மறுபடியும் கடைநிலை ஊழியராகவே தொடங்குகிறார். அப்படிப்பட்டவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்.கே.எம். வழங்கும் ஏற்பாடும் திறன் மேம்பாட்டுத் துறையிடம் உண்டு.

சிறு வியாபாரிக்கும் தாள் முக்கியம். பதிவு இல்லாதவரிடம் பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பொருள் வாங்காது. மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. பதிவு இருந்தால் தெக்குன் நிறுவனம் இந்தியத் தொழில்முனைவர்களுக்கு வைத்திருக்கும் ஸ்பூமி கடனுதவிக்கும் விண்ணப்பிக்க வழி பிறக்கும்.

செராசில் கடை போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செராசின் ஒரு பகுதி கோலாலம்பூரிலும் மறுபகுதி சிலாங்கூரிலும் இருக்கிறது. புதன்கிழமை பசார் மாலாம் நடக்கும் தாமான் கன்னாட் போன்ற இடங்களுக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம். ஒன்பதாம் மைல் பக்கம் என்றால் காஜாங் நகராண்மைக் கழகம். அலுவலகம் மாறிப் போனால் நாள்தான் வீண்.

நிறுவனங்களும் ஒன்றை உணர வேண்டும். பலகாரத்தை இன்று வாங்கிக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் கொடுத்தால், அந்தச் சிறு வியாபாரி அடுத்த வாரத்து மாவுக்கும் எண்ணெய்க்கும் எங்கே போவார்? உரிய நேரத்தில் பணம் கொடுப்பதும் உதவிதான்.

இனி ஒரு நிறுவனம் உதவ முன்வந்தால், எவ்வளவு கொடுத்தது என்பதோடு நிறுத்த வேண்டாம். எத்தனை பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது, உள்ளூரில் யாரிடம் பொருள் வாங்கியது என்றும் கேட்கலாம். கேட்கிற சமுதாயத்துக்கே கதவு திறக்கும்.