உருது ஆசிரியர்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய தோல் தொழில் நகரங்களில் உருதுக் கல்வி பல தலைமுறைகளாக வேரூன்றியுள்ளது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. இப்பகுதி உருது ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சி மூன்று தேவைகளை நிறைவேற்ற வேண்டும்.

முதலாவது, வீட்டுமொழிக்கும் பாடமொழிக்கும் உள்ள இடைவெளி. பிள்ளைகள் வீட்டில் பேசுவது தக்னி. பீஜப்பூர், கோல்கொண்டா அரசவைகளில் இலக்கியம் வளர்த்த மொழி அது. பாடநூலில் இருப்பதோ வடக்கின் தரவழக்கு. அங்கே இறந்தகால வாக்கியத்தில் எழுவாயோடு சேரும் 'நே' என்னும் உருபு, தக்னிப் பேச்சில் பெரும்பாலும் வராது. இதைப் பிழையென்று அதட்டினால் குழந்தை பேசவே தயங்கும். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் இலக்கணம் புரியும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 'காப்ஸ்' வழக்கைப் பேசும் பிள்ளைகளுக்கு ஆஃப்ரிகான்ஸ் கற்பிப்போர் முன்னும் இதே சிக்கல்தான் உள்ளது.

இரண்டாவது, எழுத்து. உருதுவில் 'ஸ' ஒலிக்கு மூன்று எழுத்துகள். 'ஃஜ' ஒலிக்கு நான்கு. தமிழில் இதற்கு நேர்மாறாக, 'க' என்ற ஓரெழுத்தே இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கிறது. உருது வலமிருந்து இடமாகவும், தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகவும் எழுதப்படுகின்றன. மூன்றையும் ஒரே வயதில் கற்கும் குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று கண்டறியும் திறன் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு வேண்டும்.

மூன்றாவது, தமிழ். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், 2006–07இல் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. உருது வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் இரண்டாம் மொழி. ஆகவே தமிழாசிரியருக்கு இரண்டாம் மொழி கற்பிக்கும் முறையிலும், உருது ஆசிரியருக்கு அவரோடு இணைந்து பாடம் திட்டமிடுவதிலும் பயிற்சி தேவை.

தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய அரசியலமைப்பின் 350அ பிரிவு வலியுறுத்துகிறது. ஹைதராபாத்தின் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் உருது வழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. ஆனால் தமிழோடு கலந்து வாழும் தக்னிக்கு உள்ளூர்ப் பயிற்சியும் வேண்டும்.

2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கும் சென்றன. பேரணாம்பட்டு வேலூரிலேயே நீடிக்கிறது. மாவட்ட எல்லைக்குள் மட்டும் பயிற்சி நடத்தினால் உருது ஆசிரியர்கள் சிறு குழுக்களாகச் சிதறிப்போவார்கள். மூன்று மாவட்டத்தாரும் சேர்ந்து அமரும் குறுவள மையக் கூட்டமும், உருதுவிலேயே அச்சிட்ட கையேடும், வகுப்பறைக்கே வந்து வழிகாட்டும் உருது அறிந்த ஆசிரியர் பயிற்றுநரும் இப்பகுதியின் உடனடித் தேவைகள்.