ஏரிப் பரிசலுக்கு ஏற்ற போர்வை

செஞ்சியைச் சுற்றியுள்ள ஏரிகள் ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பியதும், மீன்பாசிக் குத்தகை எடுத்த அங்கத்தினர்களுக்குச் சிறு பரிசல் ஒன்று அவசியமாகிறது. அதற்குக் கடன் கோரி வரும் மனுக்களில் மூங்கிலுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று கணக்கு விவரமாய் இருக்கும். மேலே போர்த்தும் பொருளைப் பற்றி மாத்திரம் ‘உரச்சாக்கும் தாரும்’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். பரிசலின் குணமும் தோஷமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன.

மூங்கிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வயதுக்குக் குறையாத முற்றிய மூங்கிலைச் சில வாரம் ஜலத்தில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். ஊறுவதால் மாச்சத்துக் கரைந்து, துளைப்பூச்சி அண்டுவது குறையும்.

முற்காலத்தில் மாட்டுத்தோலே போர்வை. 1520ஆம் வருஷத்தையொட்டி விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், அங்கே ஆற்றைக் கடக்க 15, 20 பேர் ஏறக்கூடிய, தோல் போர்த்த கூடைப்படகுகள் இருந்ததை எழுதியிருக்கிறார். இக்காலத்தில் ஒகேனக்கல் முதலிய இடங்களில் பிளாஸ்டிக் தாளும் தாரும் தோலின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. விலை சொற்பம், உண்மையே. ஆனால் வெயிலில் அத்தாள் நைந்துபோகும். ஓர் ஏரியில் கழித்துப் போட்ட பரிசலின் கிழிசல்கள் மதகின் வாயை அடைத்துக்கொள்ள, நடவு சமயத்தில் ஆயக்கட்டுதாரர் இருவர் கழுத்தளவு ஜலத்தில் இறங்கி அவற்றைப் பிடுங்கியெடுத்ததை நேரில் பார்த்தேன். பரிசலில் மிச்சப்படுத்திய பணம் அன்றைக்கு எவருக்கும் இலாபமாய்த் தோன்றவில்லை.

பனையைக் குடைந்தாலென்ன என்று சிலர் கேட்பார்கள். கொல்லேறு ஏரியிலும் வங்காளத்திலும் பனந்தோணிகள் உண்டுதான். ஆயினும் காற்றில் சாய்ந்த மரம் கிடைத்தாலன்றி அதை நினைக்க வேண்டாம். உயிர்ப்பனையை வெட்ட ஜில்லாக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021இல் சர்க்கார் அறிவித்துமிருக்கிறது.

வியட்நாம் தேசத்துக் கடற்கரையார் வழி நமக்கு அதிக அனுகூலமானது. அவர்கள் தோலும் தாளுமின்றி, மூங்கில் பிளாச்சுகளை நெருக்கமாய் முடைந்து, இடுக்குகளில் மாட்டுச் சாணத்தை அழுத்தித் தேய்த்து, காய்ந்தபின் ஒருவகை மரத்தின் எண்ணெய்ப் பிசினைப் பலதரம் பூசுகிறார்கள். அந்தக் கூடை கடலலையையே தாங்குகிறது. தானியக் கூடைக்கும் முறத்துக்கும் சாணம் மெழுகும் நமது ஸ்திரீகளுக்கு இதில் பாதி வேலை முன்பே தெரிந்ததுதானே!

அப்பிசினுக்குப் பதிலாய், மலையாளக் கரையில் மரப்படகுகளுக்குப் பூசிவரும் முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெயைச் சோதிக்கலாம். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரித் தொழில் நடப்பதால் அது நமக்கு அந்நியப் பொருளல்ல. ஆனால் இவ்வெண்ணெய் உடம்பில் பட்டால் கொப்புளிக்கும். கைக்கு உறையின்றித் தொடலாகாது; பூசுமிடம் காற்றோட்டமாய் இருக்கவேண்டும்; குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாது.

கடன் மனு எழுதுமுன் சிறு கூடை ஒன்றை இவ்விதம் மெழுகிப் பூசி, நன்றாய் உலர்ந்தபின் கல்லேற்றி ஒரு வாரம் கரையோரத்தில் மிதக்கவிட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் கசியாமலிருந்தால் அக்கூடையைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து பஞ்சாயத்தாருக்குக் காட்டலாம்.