நீர்க் குறைவும் மருந்துச் செடியும்

பயிருக்கு நீரே உயிர் என்பதை உழவர் யாவரும் அறிவர். நெல்லுக்கு நீர் குறையின் விளைவும் குறையும், அதில் ஐயமில்லை. ஆயின் மருந்துக்காக வளர்க்கும் செடிகளின் நிலை சிறிது வேறானது. ஈண்டு நித்தியகல்யாணியைச் சான்றாகக் கொண்டு அவ்வேறுபாட்டை ஆராய்வோம்.

மடகாஸ்கர் தீவைத் தாயகமாகவுடைய இச்செடியை நம்மவர் சுடுகாட்டு மல்லி என்றும் வழங்குவர். அப்பெயருக்கு மாறாக, உயிர்காக்கும் மருந்துகள் இதன் இலையில் உள்ளன. 1958-இல் கனடா நாட்டு அறிஞர்களாகிய நோபிள், பீர் என்போர் இதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். இதனிடமே பெறப்படும் வின்கிரிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிறந்த மருந்தாயிற்று. எனினும் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெறுதற்குப் பல நூறு கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். ஆதலின் இலையில் அச்சத்து சிறிது மிகுதலும் பெரும் பயன் தருவதாகும்.

மண்ணில் ஈரம் குறையுங்கால், செடி தன் இலைத்துளைகளை மூடி நீர் வெளிச்செல்லாது காக்கின்றது. அதனால் கரியமிலவாயு உட்புகுதலும் குறைந்து, உணவாக்கம் தளர்கின்றது, இலை சிறுக்கின்றது, தண்டு குறுகுகின்றது. வளர்ச்சிக்குச் செலவாகாத பொருளின் ஒரு பகுதி, செடியின் தற்காப்புக்குரிய சத்துக்களாக மாறக்கூடும். 2007-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீர் குறைக்கப்பட்ட நித்தியகல்யாணிச் செடிகளில் ஆல்கலாய்டு மிகுந்தமை காணப்பட்டது.

இதுகொண்டு நீரைக் குறைப்பதே நன்றென முடிவு செய்தல் பிழையாம். ஓர் உத்தேசக் கணக்கால் இதனை விளக்குவோம். நீர் நிறைந்த வயலில் 100 கிலோ உலர்ந்த இலையும், அதில் நூற்றுக்கு 1 பங்கு சத்தும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தச் சத்து 1 கிலோ. நீர் குன்றிய வயலில் சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்காக உயர்ந்தும், இலை 60 கிலோவாகக் குறையின், மொத்தம் 900 கிராமே. செறிவு கூடிற்று, விளைவோ குறைந்தது. வறட்சி மிகின் இலைகள் உதிர்ந்து இரண்டும் கெடும்.

இங்கு உழவரின் நலமும் கருதத்தக்கது. இலையை எடைக்கே விலை பேசுமிடத்து, சத்து மிக்க இலையைத் தருபவர்க்கு நட்டமும், நீர் பாய்ச்சிப் பெருக்கியவர்க்கு ஆதாயமும் உண்டாகும். சத்தின் அளவை ஆய்ந்து விலை வகுத்தாலன்றி இம்முறைகேடு நீங்காது.

ஆகவே இளஞ்செடிக்கு நீரை மறாது அளித்து, அறுவடை அணுகுங்கால் அளவோடு குறைத்துப் பார்த்தலே தக்க வழியெனத் தோன்றுகின்றது. எத்துணை நாள், எத்துணை அளவு என்பது செடிக்கும் மண்ணுக்கும் ஏற்ப வேறுபடும். நம் மாணவர்கள் பத்துத் தொட்டிகளும் ஒரு தராசும் கொண்டே இவ்வாராய்ச்சியைத் தொடங்கலாம். முதலில் இலையின் எடையைக் காண்க. பின்னர் ஆய்வுக்கூடத்தில் சத்தின் அளவைக் காண்க. இரண்டையும் பெருக்கிய பின்னரே முடிவு கூறுக.