உஷார்! லெகோ காரில் விளக்கு எரிகிறதா?

வீட்டில் பிள்ளை கட்டிவைத்திருக்கும் லெகோ காரின் முகப்பு விளக்கு எரிகிறதா? இப்போதே அந்தக் காரைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். பேட்டரி எங்கே இருக்கிறது? அதன் மூடி திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறதா, விரல் நகத்தாலேயே திறந்துவிடுகிறதா? நகத்தால் திறந்தால், முதலில் அந்தப் பேட்டரியைக் கழற்றி, சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

பெட்டியோடு வரும் படத்தைப் பார்த்துக் கட்டி முடித்ததும் ஓய்ந்துவிடும் பழக்கம் போய்விட்டது. இன்று பிள்ளைகள் கணினியில் சொந்தமாக வண்டி வரைகிறார்கள். ஆட்டோ, அம்பாசடர், டவுன் பஸ் என்று ஊரில் ஓடுவதெல்லாம் கட்டையில் எழும்புகிறது. உள்ளே உட்கார வைக்க மினிஃபிகர் என்ற குட்டி மனிதன் வேண்டும். அதற்குத் தாத்தாவின் மீசையும் அப்பாவின் காக்கிச் சட்டையும் அச்சடித்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையையும் கணக்கையும் கற்றுத்தரும் வேறொரு பொழுதுபோக்கைச் சொல்வது கடினம். பிள்ளைகள் இதில் இறங்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முறையாகக் கடைக்கு வரும் பொம்மையைக் கீழே போட்டு, இழுத்து, முறுக்கிப் பார்த்து, சாயத்தில் என்ன இருக்கிறது என்று சோதித்த பிறகே விற்பனைக்கு விடுகிறார்கள். அதை நீங்கள் அறுத்தாலோ, ஒட்டினாலோ, பெயின்ட் அடித்தாலோ, உள்ளே விளக்கு வைத்தாலோ, பெட்டியில் போட்டிருக்கும் எந்தச் சான்றும் அதற்குப் பொருந்தாது. பார்வைக்குப் பழைய பொம்மைதான். உண்மையில் யாரும் சோதிக்காத ஒரு புதுப் பொருள் உங்கள் கூடத்தில் கிடக்கிறது.

இதில் எனக்கு மிகுந்த பயம் தருவது பட்டன் பேட்டரி. விளக்குப் பெட்டிகளில் அதிகம் வருவது 2032 என்ற வகை. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். லெகோவின் தட்டைக் கட்டை, அதாவது பிளேட்டின் உயரமும் அதே 3.2 மில்லிமீட்டர். கட்டையின் மேல் துருத்தி நிற்கும் குமிழ்க் கணக்கில் ஆறு குமிழ் அகலமுள்ள சின்னக் காருக்கு 48 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. ஒரே ஒரு பிளேட் அடுக்கை எடுத்துவிட்டால் பேட்டரி அங்கே கச்சிதமாகப் படுத்துக்கொள்ளும். வடிவமைக்கிறவருக்கு அது பெரிய வசதி. கார் ஒருமுறை கீழே விழுந்து அடிப்பலகை கழன்றால், பளபளவென்று ஒரு காசு தரையில் உருளும். தவழும் குழந்தைக்கு அது வாயில் போடும் பொருள்.

தொண்டை அடைப்பதோடு முடியும் ஆபத்தல்ல இது. உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஈரமான சதை இணைத்துவிடுகிறது. மின்சாரம் ஓடுகிறது. எதிர்மின் முனை தொடும் இடத்தில் கடுமையான காரம் உண்டாகி, சதையை அரிக்கத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பலத்த புண் ஆகிவிடலாம். உணவுக்குழாய் துளைபட்டு, பக்கத்து இரத்தக் குழாய் வரை அரிப்பு போய் உயிரிழந்த குழந்தைகள் உண்டு. வெளியே எடுத்த பிறகும் சில நாட்களுக்கு உள்ளே சேதம் தொடரலாம். விளக்கு எரிய வலுவில்லை என்று நாம் தூக்கிப் போடும் பழைய பேட்டரியிலும் இந்தக் கேட்டைச் செய்யப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே கதைதான்.

விழுங்கியதைப் பெரியவர்கள் பார்க்காவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். குழந்தை எச்சில் ஒழுக்கும், சாப்பாட்டைத் தள்ளும், இருமும். சளி பிடித்திருக்கிறது என்று வீட்டிலேயே கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்போம். விளக்கு வைத்த பொம்மை இருக்கிற வீட்டில் இந்த அறிகுறிகள் தெரிந்து, பேட்டரி ஒன்று குறைந்திருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சாப்பாடு கொடுக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், அல்லது எக்ஸ்-ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராக ஓடுங்கள். ஒரு வயது நிறைந்த குழந்தையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமல், விழுங்கவும் முடிகிறதென்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்று நஞ்சு சிகிச்சை நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக்கொண்டு புறப்பாட்டைத் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேனே கூடாது. மருத்துவமனையில் நுழைந்ததும் 'பட்டன் பேட்டரி' என்று உரக்கச் சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் அது காசு போலவே தெரியும். காசுக்குக் காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்க முடியாது.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருகாணி போட்ட பெட்டிக்குள் பென்சில் பேட்டரி வைத்து, வண்டியைக் கொஞ்சம் அகலமாக வரைந்துகொள்ளுங்கள். அல்லது யூ.எஸ்.பி. ஒயர் கொடுத்து அலமாரியில் மட்டும் எரிய விடுங்கள். பட்டன் பேட்டரி வைத்த வண்டியை வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் அழகுக்காக வைக்கவே கூடாது. அந்தப் பேட்டரி தாங்கும் வெப்பம் சுமார் 60 டிகிரிதான். சித்திரை வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டிப் போகும்.

காந்தமும் லேசுப்பட்டதல்ல. டிரெய்லரைக் கோக்கவும் கூரையைக் கழற்றி மாட்டவும் மிளகு அளவு நியோடிமியம் காந்தங்களைக் கட்டையின் அடிக்குழிக்குள் ஃபெவிக்விக் வைத்து ஒட்டுகிறார்கள். நாலு முறை கழற்றி மாட்டினால் பசை விட்டுவிடும். ஒரு குழந்தை இரண்டு காந்தங்களை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் நசுக்கிக்கொண்டு அவை ஒட்டிக்கொள்ளும். நசுங்கிய இடம் செத்து ஓட்டையாகும். அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் விஷயம் இது.

இனி மினிஃபிகருக்கு வருகிறேன். 1978-இல் லெகோ இந்தக் குட்டி மனிதனைக் கொண்டுவந்தது. இன்று வரும் அசல் தலையைக் கையில் எடுத்து உச்சியைப் பாருங்கள், குமிழின் நடுவே துளை இருக்கும். குழந்தை விழுங்கி மூச்சுக்குழாயில் சிக்கினாலும் கொஞ்சமாவது காற்று போகட்டும் என்று வைத்த துளை அது. இப்போது உங்கள் பிள்ளை ஆர்டர் போட்டு வரவழைத்த தலையைப் பாருங்கள். ரெசினில் வார்த்த தலைகள் பலவற்றில் அந்தத் துளை இருக்காது. முடி, தொப்பி, தலைப்பாகை என்று மேலே ஒட்டித் தருபவற்றிலும் அப்படித்தான். வடிவமைத்தவருக்கு முகம் முக்கியமாகப் பட்டது. துளை எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரெசின் என்றதும் இன்னொன்று. வீட்டு பிரின்டரில் திரவ ரெசினை ஊற்றி அச்சடித்த பொருளை ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் காட்டி முழுக்க இறுகவைக்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் பொம்மையின் மேல் பிசுபிசுப்பு நிற்கும், காட்டமான வாடை வரும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் அடுத்தடுத்து அதன் பக்கம் போனாலே வரலாம். வெறுங்கையோடு, ஜன்னல் மூடிய படுக்கையறையில், ஏ.சி. போட்டுக்கொண்டு அச்சடிக்கும் இளைஞர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இவை மூன்றும் இல்லாமல் பிரின்டரை ஆன் செய்யாதீர்கள். வந்து சேர்ந்த மினிஃபிகரில் பிசுபிசுப்போ வாடையோ இருந்தால் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

வண்டி வரைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டையின் குமிழ் ஒவ்வொன்றின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 8 மில்லிமீட்டர். கழித்தால் இடைவெளி 3.2. பிளேட்டின் தடிமனும் 3.2. ஆகவே பிளேட்டை நெட்டுக்குத்தலாகக் குமிழ்களுக்கு நடுவே செருகி, மெலிசான கதவோ கிரில்லோ செய்துவிடலாம் என்று தோன்றும். கணினித் திரையில் அது மோதாமல் அழகாக உட்காரும். கையில் செருகினால் தளர்வே இல்லாமல் இறுகும், குமிழ்களை இரு பக்கமும் தள்ளிக்கொண்டே நிற்கும். மென்பொருள் வடிவத்தைப் பார்க்கும், அழுத்தத்தைப் பார்க்காது. லெகோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜேமி பெரார்ட் 2006-இல் ரசிகர்கள் கூடிய மாநாடு ஒன்றில் இதைப் பற்றியே தனியாக விளக்கினார்: இணைந்துவிட்டது என்பதாலேயே அது சரியான இணைப்பு ஆகாது, பிளாஸ்டிக்கை ஓயாமல் அழுத்தும் இணைப்புகளை நிறுவனம் தன் செட்டுகளில் அனுமதிப்பதில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வண்டிகளில் இந்தத் தவறு அதிகம் வரக் காரணம், பக்கவாட்டில் திருப்பிக் கட்டுவது. ஐந்து பிளேட் உயரமும் இரண்டு குமிழ் அகலமும் சரியாக 16 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் வரைந்தால் எல்லாம் தானாக உட்காரும். கணக்கு அரை பிளேட் தவறியதும் விரலால் அமுக்கிச் சரிக்கட்டுகிறோம். அமுக்கிய இடம் அன்றைக்கே உடையாது. சில மாதம் அலமாரியில் இருந்துவிட்டு, ஒருநாள் பிள்ளை எடுக்கும்போது கூரான சில்லாக உதிரும்.

அழுத்தத்தில் நிற்கும் அதே கட்டையின் மேல் ஸ்ப்ரே பெயின்ட்டோ தின்னரோ பட்டால் இன்னும் சீக்கிரம் விரியும். கட்டை செய்யும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் குணம் அது. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்தே விடும். மினிஃபிகரின் சட்டையில் தவறாக அச்சான படத்தை அதை வைத்துத் துடைக்காதீர்கள். மினிஃபிகர் கைக்குக் கொடுக்கும் கத்தி, குடை, கம்பு எல்லாம் 3.2 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் அச்சடித்தது சற்றுத் தடித்தாலும் கை விரிந்து பிளந்துவிடும். செம்பழுப்பு, அடர் சிவப்பு நிறங்களில் 2010-களில் வந்த அசல் கட்டைகள் தாமாகவே நொறுங்குவதை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பலரும் பார்த்திருக்கிறார்கள். மரப்பலகை வைத்த லாரி கட்ட அவற்றை வாங்குகிறீர்கள் என்றால் சக்கர அச்சைப் பிடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

பழைய கட்டைகளை எடைக்கு வாங்கி அறுத்துத் தேய்க்கிறவர்களா நீங்கள்? இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டர்னர் 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 1970, 80-களின் சிவப்பு, மஞ்சள் லெகோ கட்டைகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தது தெரியவந்தது. அந்தக் காலத்து நிறமிகள் அப்படி. அவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. குழந்தை வாயில் வைக்கவும் கூடாது. பழைய செங்காவி நிற பஸ்ஸுக்கு அசலான சிவப்பு வேண்டுமென்றால் புதுக் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டாகப் பெயர் போட்ட மினிஃபிகர் செய்து விற்கும் தம்பி, தங்கைகளுக்கு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டிலிருந்து பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கி, மேலே அச்சடித்துக் கொடுத்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். விருந்துக்கு வரும் ஏழு வயதுப் பையன் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வான். அவன் வீட்டில் ஒன்றரை வயதுத் தங்கை இருக்கிறாளா என்பது உங்களுக்குத் தெரியாது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று பொட்டலத்தின் மேல் தமிழில், பெரிய எழுத்தில் அடியுங்கள். காந்தமோ பட்டன் பேட்டரியோ வைத்துக் கேட்கும் ஆர்டரை, எவ்வளவு காசு கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.