புதுக் கோழி சேர்த்தபின் சீக்கா? காரணத்தைக் கண்டறியும் வழிகள்

கொல்லைப்புறத்தில் பத்துப் பதினைந்து கோழிகள் வளர்ப்பது கிராமத்துக் குடும்பங்களுக்குச் சிறு சேமிப்பு போன்றது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் கைப்பணம். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும், திடீரென வரும் மருத்துவச் செலவுக்கும், விருந்தாளிக்கும் அதுவே கைகொடுக்கிறது. வாரச் சந்தையில் இரண்டு பெட்டைகளை வாங்கி வந்து விட்ட பத்து நாட்களுக்குள் கூண்டே காலியாகிவிட்டால் அந்தச் சேமிப்பு முழுவதும் போய்விடும்.

கோழி எந்த நோயால் இறந்தாலும் "சீக்கு வந்துவிட்டது" என்று ஒரே பெயர் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் சீக்கு ஒன்றல்ல. சிலவற்றுக்கு மருந்தே இல்லை; வேறு சிலவற்றை ஒரே ஊசியில் குணப்படுத்தலாம். இரண்டும் முதல் நாளில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே மருந்துக் கடைக்கு ஓடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். புதுக் கோழி வந்து எத்தனை நாளாயிற்று? முதலில் நோய் கண்டது புதுக் கோழிக்கா, பழைய கோழிக்கா? எச்சமும் மூச்சும் எப்படி இருக்கின்றன? இந்த மூன்றையும் சொன்னால் கால்நடை மருத்துவரின் வேலை பாதி முடிந்தது போலாகும்.

சந்தைக் கோழியில் ஏன் ஆபத்து?

ஓர் ஊரில் சீக்கு தொடங்கியதும் எஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடும் பழக்கம் உண்டு. நோய்க்கிருமி உடலில் புகுந்த பின்னும் சில நாட்கள் வரை கோழி நன்றாகவே மேயும். அதனால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. விலை மலிவாகக் கிடைத்தால் மகிழ்ச்சியடையாமல் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. ஒருமுறை நோய்ப்பட்டுத் தேறிய கோழி, பார்வைக்கு முழு நலத்துடன் இருந்துகொண்டே கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். சளி நோய்கள் பெரும்பாலும் இவ்வாறே வந்து சேருகின்றன.

நாள் கணக்கு

புதுக் கோழி வந்த மறுநாள் முதல் மூன்று நாட்களுக்குள் கோழிகளின் முகம் வீங்கி, கண் மூடி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வடிந்தால் அது கொரைசா எனப்படும் தொற்றுச் சளியாக இருக்கலாம். இது பாக்டீரியாவால் வருவது. மிக வேகமாகப் பரவும். இறப்பு குறைவு; முட்டை குறையும்.

ஐந்தாறு நாட்களை ஒட்டி நோய் தொடங்கினால் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயை முதலில் நினைக்க வேண்டும். இமயமலைப் பகுதியில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரில் 1927-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இதற்கு இப்பெயர். இது வைரஸ் நோய். கிருமி புகுந்து 2 முதல் 15 நாட்களுக்குள் வெளிப்படும். கோழி சிறகைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பச்சையும் வெள்ளையும் கலந்து கழியும். சில நாட்களில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். காலும் இறக்கையும் விளங்காமற்போகும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பெரும்பகுதி இறந்துவிடும்.

ஒரு வாரம் ஆன நிலையில் குஞ்சுகள் மட்டும் குறுகி உட்கார்ந்து, எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால் அது இரத்தக் கழிச்சல். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு இது அதிகம். ஈரமான உமியும் சேறுமே இதற்கு விளைநிலம்.

நான்கு முதல் பத்து நாட்களில் கொண்டை, தாடி, கண்ணிமை ஆகிய இடங்களில் பருக்கள் எழும்பிக் கருத்துப் பொருக்கு கட்டினால் அம்மை. இது கொசுவாலும் பரவும். ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகவே கோழிகளைப் பற்றும்.

இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து இரவில் கூண்டருகே நின்றால் "கர்... கர்" என்ற மூச்சு ஒலி கேட்பதும், கண்ணில் நுரை தெரிவதும் நாட்பட்ட சுவாச நோயின் அறிகுறிகள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் கோழி இளைத்துக் கொண்டை வெளுத்தால் குடற்புழுவையும், கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியது போலானால் செதில் பூச்சியையும் சந்தேகிக்க வேண்டும்.

நாள் கணக்கு ஒரு வழிகாட்டியே, தீர்ப்பல்ல. காக்கை, பக்கத்து வீட்டுக் கோழி, வியாபாரியின் கூடை, நமது செருப்பு ஆகியவற்றாலும் நோய் வரும். புதுக் கோழி வந்தபின் நோய் வந்தது என்பதாலேயே அது புதுக் கோழியால்தான் வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

முதலில் படுத்தது எது?

புதுக் கோழி முதலில் நோயுற்று, சில நாள் கழித்துப் பழைய கோழிகளும் படுத்தால், நோய் சந்தையிலிருந்து உடன் வந்திருக்கிறது. புதுக் கோழி நலமாக இருக்கப் பழைய கோழிகள் மட்டும் படுத்தால், வந்த கோழி தேறிய கோழி. கிருமியைச் சுமந்து வந்திருக்கிறது எனக் கருதலாம். சளி நோய்களில் இவ்வாறு நேரும்.

புதுக் கோழி மட்டும் வாடிப் பழையவை நலமாக இருந்தால், நம் கொல்லையில் ஏற்கெனவே உள்ள கிருமிக்குப் பழகாத கோழி அது எனலாம். இரத்தக் கழிச்சலில் இது சாதாரணம். அல்லது அது நோயாகவே இல்லாமலும் இருக்கலாம். பழைய கோழிகள் கொத்தித் துரத்துவதால் புதியவை தீனித் தட்டை நெருங்க முடியாமல் பட்டினி கிடக்கும். மாலையில் அடையும் நேரத்தில் கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். பழைய கோழிகளுக்கு நிறைந்தும் புதியதற்கு வெறுமையாகவும் இருந்தால் தனியே வேறொரு தட்டில் தீனியும் தண்ணீரும் வைத்துப் பாருங்கள். ஆவலுடன் தின்றால் பட்டினியே காரணம். தின்ன மறுத்தால் நோயே.

பச்சைக் கழிச்சல் எல்லாம் ராணிக்கெட் அல்ல

நல்ல எச்சம் பழுப்பு நிறமாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டது போல் இருக்கும். இடையிடையே பாகு போன்ற கரும்பழுப்பு எச்சம் விழுவதும் இயல்பே. தீனி எடுக்காத எந்தக் கோழியும் பித்தநீர் கலந்து பச்சையாகக் கழியும். ஆகவே பச்சை எச்சத்தை மட்டும் கண்டு ராணிக்கெட் என்று கைவிட்டுவிடலாகாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோழி உண்ணியால் பரவும் ஒருவகைக் காய்ச்சல் உண்டு. அதிலும் கோழி சோர்ந்து, கொண்டை வெளுத்து, பச்சையாகக் கழிந்து இறக்கும். பார்வைக்கு ராணிக்கெட் போலவே இருக்கும். ஆனால் கால்நடை மருத்துவர் பெனிசிலின் ஊசி போட்டால் பிழைத்துவிடும். இந்த உண்ணியின் குஞ்சுகள் கோழியின் இறக்கைக்கு அடியில் பல நாட்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் புதுக் கோழியுடன் வீட்டுக்கு வந்துவிடும். வளர்ந்த உண்ணி பகலில் கூண்டின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் மட்டும் கடிக்கும். அதனால் பகலில் கோழியின் மேல் தேடினால் அகப்படாது. இரவில் விளக்குடன் சென்று கூண்டின் மூட்டுகளையும், பஞ்சாரத்தின் பின்னல்களையும் பாருங்கள். உண்ணி கண்டால் அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். மூச்சுத் திணறலும் கழுத்து முறுக்கலும் சேர்ந்திருந்தால் ராணிக்கெட் பக்கமே ஐயம் சாயும்.

இறந்த கோழி சாட்சி சொல்லும்

இறந்த கோழியைக் குப்பையில் எறிவது நோயை ஊருக்குப் பரப்புவதாகும். நோயைக் கண்டறியும் சிறந்த சாட்சியையும் இழந்துவிடுகிறோம். புதிதாக இறந்த கோழியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் அடுத்தடுத்துப் போட்டுக் கட்டி, பனிக்கட்டியுடன் வைத்து அன்றே கால்நடை மருந்தகத்துக்கோ, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ எடுத்துச் செல்லுங்கள். ராணிக்கெட்டில் இரைப்பையின் உட்புறம் இரத்தப் புள்ளிகள் காணப்படும். இரத்தக் கழிச்சலில் குருட்டுக் குடல்கள் இரத்தத்தால் நிறைந்திருக்கும். கோழியை வீட்டில் அறுத்துப் பார்ப்பது வேண்டாம்.

ஒன்றிரண்டு நாட்களில் கோழிகள் கும்பலாக இறந்தாலோ, தலை வீங்கிக் கொண்டை நீலம் பாரித்தாலோ, அக்கம்பக்கத்தில் காக்கைகளும் செத்துக் கிடந்தாலோ எதையும் தொடாமல், எடுத்துச் செல்லாமல் உடனே கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் தர வேண்டும். நம் நாட்டில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பறவைக் காய்ச்சலும் இவ்வாறு தோன்றக்கூடும். அது மனிதருக்கும் தொற்றும்.

நோய் கண்ட அன்றே செய்ய வேண்டியவை

நோயுற்றவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். நலமானவற்றுக்கு முதலிலும் நோயுற்றவற்றுக்குக் கடைசியிலும் தீனி வைத்துப் பின் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டுகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஈர உமியை அள்ளிவிட்டு உலர்ந்த உமி பரப்புங்கள். பரிசோதனைக்கு வேண்டாதவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய் தோண்டாமல் கல் வையுங்கள்.

நோய் கண்ட வீட்டிலிருந்து ஒரு கோழியைக்கூட விற்கவோ, உறவினருக்குக் கொடுக்கவோ கூடாது. வந்த விலைக்கு விற்றுவிட்டால் கிடைப்பது சில நூறு ரூபாய். அடுத்த ஊரில் யாரோ ஒருவரின் கூண்டு காலியாகும். நமக்கு வந்த சீக்கும் அப்படி வந்ததே.

கடையில் கிடைத்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து எல்லாவற்றுக்கும் ஊற்றுவதால் பயன் இல்லை. ராணிக்கெட், அம்மை போன்ற வைரஸ் நோய்களை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது. இரத்தக் கழிச்சலுக்கான மருந்து வேறு; சளிக்கான மருந்து வேறு. மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் முட்டையை உண்ணாதீர்கள். சளியிலிருந்து தேறிய கோழி கிருமியைச் சுமக்கும் என்பதால், அந்தக் கூட்டத்தில் புதிய கோழிகளைச் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இனி வாங்கும்போது

வாங்கும் கோழியின் கண், மூக்கு, ஆசனவாய், கால் செதில், இறக்கையின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய கோழிகளுடன் விடாமல், முடிந்த மட்டும் தள்ளி வேறு கூண்டில் 30 நாட்கள் வைத்திருங்கள். தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் வேறாக இருக்கட்டும். மூன்று வாரம் கழித்துப் பழைய கோழிகளில் ஒன்றை மட்டும் அவற்றுடன் விட்டுப் பாருங்கள். அது நலமாக இருந்தால் மறைந்திருக்கும் சளி நோய் இல்லை என்று ஓரளவு நம்பலாம். பிறகு மாலை மங்கிய நேரத்தில் சேர்த்தால் சண்டை குறையும்.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசியே காவல். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி போட வேண்டும். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு இந்த ஊசி கூடாது. இதற்கென அரசுக் கால்நடை மருந்தகங்களை அணுகலாம். தடுப்பூசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது; இரண்டு வாரமாவது ஆகும். ஆகவே சந்தைக்குப் போகும் முன்னரே வீட்டிலுள்ள கோழிகளுக்குத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும்.

கூண்டின் கதவில் ஒரு காலண்டர் அட்டையை மாட்டி, கோழி வாங்கிய தேதி, தடுப்பூசித் தேதி, முதலில் சோர்ந்த கோழி எது என்பவற்றைக் கரித்துண்டால் எழுதி வைத்தாலும் போதும். நோய் வந்த நாளில் அந்த மூன்று வரிகள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.